சைட்டுக்குப் போனவர்

கறம்பக்குடி வசந்த் மோட்டார்ஸுக்குப் போன் போட்டு "வசந்த் இருக்காருங்களா?" என்று யார் கேட்டாலும், இரண்டரை வருடமாக ஒரே பதில்தான்.

"சைட்டுக்குப் போயிருக்காருங்க."

சைட் என்றால் யாருடைய வயலிலோ போர்க்குழி ஓரம் நின்று மோட்டார் இறக்குவது. காலையில் கேட்டாலும் அவர் சைட்டில்தான், சாயங்காலம் கேட்டாலும் சைட்டில்தான். தீபாவளிக்கு மறுநாளும் சைட்டு, அடைமழையிலும் சைட்டு. கோயம்புத்தூரில் இருக்கிற பம்புசெட் கம்பெனிக்காரர்களுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. வட்டாரத்திலேயே அதிக மோட்டார் விற்கிற டீலர் அவர்தான். பின்னே, இப்படிச் சோறு தண்ணி இல்லாமல் சைட்டே கதியென்று கிடக்கிற மனுஷன் விற்காமல் வேறு யார் விற்பது?

வசந்த் போனது என்னவோ உண்மைதான். போர் போடுகிற லாரி ஒன்றோடு ஆந்திரா பக்கம் போனார். போன இடத்தில் ஒரு பெண்ணோடு குடும்பமும் அமைந்துவிட்டது. மகராசன் அங்கேயே தங்கிவிட்டார். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டார். ஊருக்கே தெரிந்த இந்தக் கதை கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

கடையைக் கட்டி ஆண்டதெல்லாம் அவர் மனைவி கலைமதி. "போர் எத்தனை அடிங்க? தண்ணி எத்தனையில நிக்கிது? மேட்டுக்குப் பாயணுமா?" என்று மூன்று கேள்விதான் கேட்பாள். பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் சரியான மோட்டார் பெட்டி மேசைக்கு வந்துவிடும். மோட்டாரில் கோளாறு என்றால் மெக்கானிக்கைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வயலுக்கே போய்விடுவாள். ஆக, சைட்டுக்குப் போனதும் அவள்தான், சைட்டுக்குப் போயிருக்கார் என்று சொன்னதும் அவள்தான்.

இந்தப் பொய்யைத் தொடங்கி வைத்தவன் இன்னாசி. கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர், நல்ல பையன், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்ட முதலாளி கடையில் இல்லையென்றால் டீலர்ஷிப் ரத்து என்று ஒரு விதி இருந்தது. "ஒரு மாசம் சமாளிங்கக்கா, அண்ணன் திரும்பி வந்துருவாரு" என்றான். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஒரு மாசம் முப்பது மாசமாயிற்று. வருவார் என்ற நம்பிக்கை ஆறாவது மாசமே செத்துப் போனது. பொய் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டே வந்தது.

கடையில் ஆள் நிற்கும்போது போன் அடித்தால் எடுக்கிறவன் மகன் சூர்யபிரகாஷ். வயது ஐந்து, யுகேஜி முடித்தவன். அவனுக்கும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மழலையில் அவன் "அப்பா சைட்டுக்குப் போயிருக்காங்க, அப்பறமா பண்ணுங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கோயம்புத்தூரே சொக்கிப் போகும். அப்பா எங்கே, எப்போது வருவார் என்று அவன் அவளைக் கேட்டதே இல்லை. கேட்காத பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது என்று அவளும் தள்ளிப்போட்டாள். கேட்காமல் இருப்பதே ஒரு வகையில் நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

இந்த வருடம் மே மாதம் இன்னாசி கடைக்கு வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஒரு கவரை நீட்டினான்.

"யக்கா, டார்கெட் அடிச்ச டீலருக்கெல்லாம் டூரு. இந்தத் தடவ கப்பல். மெட்ராஸ்ல ஏறுனா மூணு ராத்திரி, நாலு பகல், நடுக்கடல்ல சுத்திட்டு வாரது. டீலரும் வீட்டம்மாவும்."

"நல்லதுதானய்யா. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்புடி வச்சிருக்க?"

"அக்ரிமென்ட் ஜூனோட முடியிதுல்லக்கா. எல்லாருக்கும் கப்பல்லயே வச்சுப் புதுசு பண்ணப் போறாங்களாம். டீலர் நேர்ல கையெழுத்துப் போடணும். ஜோனல் மேனேஜர் பரீது சார் வாராரு."

கம்பெனிக்காரன் மூளையே மூளை. டீலர்களை எங்கே போய்ப் பிடித்தாலும் நழுவிவிடுகிறார்கள். நடுக்கடலில் எவன் சைட்டுக்குப் போக முடியும்?

இன்னாசி ஒரு யோசனையோடுதான் வந்திருந்தான். கடைசி நிமிடத்தில் அவசர சைட்டு வந்துவிட்டது, வசந்துக்குப் பதிலாகக் குடும்பம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவது. கையெழுத்து அப்புறம் வாங்கித் தருகிறேன் என்று அவன் ஒரு மூன்று மாசம் தள்ளுவது. மூன்று மாசம் கழித்து? அதை மூன்று மாசம் கழித்துப் பார்ப்பது.

"இல்ல தம்பி. நானே பரீது சாரப் பாத்துப் பேசிடுறேன். அக்ரிமென்ட எம்பேருல போடுங்கன்னு கேக்குறேன்."

இன்னாசி சுற்றும்முற்றும் பார்த்தான். "மறைச்சது தெரிஞ்சா டீலர்ஷிப் போயிரும்க்கா. கூடவே என் வேலையும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தன் பேருக்குக் கடையை மாற்றக் கேட்டால் கடையே போகலாம். கேட்காவிட்டால், என்றைக்காவது வசந்த் வந்து நின்று "இது என் கடை" என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவள் இன்னாசிக்குச் சரியென்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கவரில் இருந்த படிவத்தில் பயணிகள் பெயர் என்று இருந்த இரண்டு கட்டத்திலும் கலைமதி, சூர்யபிரகாஷ் என்று எழுதிக் கொடுத்தாள்.

சென்னைத் துறைமுகத்தில் டூர் ஏஜென்சிக்காரப் பெண் ஒருத்தி கழுத்து அட்டைகளைப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷர்லி என்று பெயர். "மிஸஸ் கலைமதி, மிஸ்டர் சூர்யபிரகாஷ்" என்று கூப்பிட்டுவிட்டுக் கலைமதிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"சார் வரலியா மேடம்?"

"வந்திருக்காரே" என்று கலைமதி கீழே கையைக் காட்டினாள்.

ஷர்லி குனிந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார் சார். விஷயம் இதுதான்: டீலர் டூர் என்றால் ஜோடி என்று ஏஜென்சிக்காரர்களுக்குப் பழக்கம். பட்டியலில் இரண்டு பேரைப் பார்த்ததும் ஆண் பேருக்கு முன்னால் ஒரு மிஸ்டரைப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். ஷர்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கப்பல் கவுன்டரில் ஆதார் அட்டையைக் காட்டி வயதைச் சரிசெய்து கொடுத்தாள். கழுத்து அட்டையை மாற்ற மட்டும் பையன் சம்மதிக்கவில்லை. தொப்புள் வரை தொங்கிய அட்டையோடு மிஸ்டர் சூர்யபிரகாஷ் கப்பல் ஏறினார்.

அறைக்குள் போனால், கட்டிலில் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவை செய்து, மூக்கோடு மூக்கு வைத்திருந்தார்கள். சுற்றிலும் ரோஜா இதழ். கலைமதி அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பையன் ஒரு அன்னத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். அதற்கு நீச்சல் தெரியுமா என்று பார்க்க வேண்டுமாம்.

ஒற்றை ஆளாய்ப் பிள்ளை வளர்ப்பது அவளுக்குப் புதிதல்ல. ஆனால் ஊரில் அது தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் ஒரு கண் வைத்துக்கொள்வார், பள்ளிக்கூட வேனில் ஆயா இருக்கும், மெக்கானிக் தோளில் தூக்கிக்கொண்டு போய் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பான். கப்பலில் அப்படி ஒரு கை கிடையாது. அவள் குளிக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்து, "சூர்யா, இருக்கியா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் குரல் கொடுத்துக்கொண்டே குளிக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் அவனவன் தட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் பிள்ளை, பிள்ளையின் தட்டுக்கு மூன்றாவது கைக்கு எங்கே போவது? மற்ற ஜோடிகளில் ஒருவர் இடம் பிடித்தார், ஒருவர் சாப்பாடு எடுத்தார். அவள் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடி, எது கையில் சிக்கியதோ அதை அள்ளிக்கொண்டு வந்தாள். முதல் நாள் ராத்திரி அவள் சாப்பிட்டது தயிர்சாதமும் கேக்கும்.

பையன் எட்டு மணிக்குத் தூங்கினால் அவளும் எட்டு மணிக்கு அறைக்குள் அடைந்தாயிற்று. மேலே ஆட்டம் பாட்டமென்று கப்பலே அதிர்ந்தது. அவளுக்கு ஆட்டம் பார்க்க ஆசையொன்றும் இல்லை. ஆனாலும் வந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிற சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு வலித்தது.

இதற்கு நடுவில் பரீது சாரைப் பிடிக்க வேண்டும். ஷேக் பரீது ஐம்பத்தைந்து வயது மனிதர், வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாதவர். இரண்டாம் நாள் காலையில் அவர் தனியாக டீ குடித்துக்கொண்டிருந்தார். கலைமதி கிட்டே போய் "வணக்கம் சார், கறம்பக்குடி" என்று தொடங்கினாள். "ம்மா, ஒன்னுக்கு" என்றான் பையன். போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் டீக்கோப்பை மட்டும்தான் இருந்தது. மத்தியானம் லிப்டில் இருவரும் ஒன்றாக ஏறினார்கள். ஏழு மாடி போவதற்குள் சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். கப்பல் ஒரு ஆட்டம் ஆடியது, பையன் லிப்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டான். பரீது சார் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "புள்ளையப் பாருங்கம்மா, எதுன்னாலும் அப்பறம் பேசிக்கலாம்" என்றார். நல்ல மனிதர் என்று தெரிந்தது. அதனால் அவளுக்குப் பயம் இன்னும் கூடிப்போனது. கெட்டவனிடம் பொய் சொன்னால் ஒரு நியாயமாவது சொல்லிக்கொள்ளலாம்.

ஆவுடையார்கோவில் டீலர் ராசுவின் மனைவி சொர்ணவல்லிதான் அன்று மாலை அவளுக்கு ஒரு மணி நேரம் மூச்சுவிட இடம் கொடுத்தது. கப்பல் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். பையன் சொர்ணவல்லியின் கைப்பையைக் கொட்டி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

"ஏன் கலை, ஒங்க வீட்டுக்காரரு இப்புடி ஒத்தையில அனுப்பிட்டாரே. ஒரு நாலு நாளு ஒதுக்க முடியலியாக்கும்?"

கலைமதி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பையில் இருந்து தலையைத் தூக்காமலே பையன் சொன்னான். "அப்பா சைட்டுக்குப் போயிருக்காங்க."

சொர்ணவல்லி சிரித்தாள். "பாரேன், எம்புட்டுக் கெட்டிக்காரன்!"

கலைமதியும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு டீலர் மீட். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை, அவர்களுக்கென்று பொம்மையும் ஆளும் வைத்த தனி அறை இருந்தது. அந்த அறை வாசலில் சூர்யா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதான். விட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் அவளும் பார்த்தாள். இரண்டு அடி எடுத்து வைத்தாள், மூன்றாவது அடிக்குத் திரும்பி வந்துவிட்டாள். விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அவளுக்கு வேண்டிய மட்டும் தெரியும்.

கூடத்து வாசலில் ஷர்லி நின்று அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அழுது சிவந்த முகத்தோடு வந்த பையனின் கழுத்து அட்டையை எடுத்து வாசித்தாள்.

"மிஸ்டர் சூர்யபிரகாஷ். லிஸ்ட்ல இருக்கீங்களே. உள்ள போங்க சார்."

மேடையில் ஒவ்வொரு டீலராகக் கூப்பிட்டார்கள். கம்பெனி வழக்கம் ஒன்று உண்டு. டீலருக்குப் பொன்னாடை, வீட்டம்மாவுக்குப் பட்டுச்சேலைப் பெட்டி. அப்புறம் மேடையிலேயே மேசை போட்டு அக்ரிமென்டில் கையெழுத்து. மேடை ஓரம் நின்ற இன்னாசி கலைமதியைப் பார்த்துக் கையைக் கீழ்நோக்கி அமர்த்தினான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

"அடுத்து, இந்த வருடத்தின் முதலிடம்! கறம்பக்குடி வசந்த் மோட்டார்ஸ், திரு. வசந்த் அவர்கள்!"

இன்னாசி ஓடிப்போய் மைக்குக்காரன் காதைக் கடித்தான். "திரு. வசந்த் அவர்கள் அவசர வேலையாகச் சைட்டுக்குச் சென்றிருப்பதால், அவர் சார்பாகக் குடும்பத்தினர் மேடைக்கு வருகிறார்கள்!" கூடம் கைதட்டியது. வேலையென்று வந்துவிட்டால் வெள்ளைக்காரன் என்று யாரோ வசந்தைப் புகழ்ந்தார்கள்.

கலைமதி மகனைக் கூட்டிக்கொண்டு மேடை ஏறினாள். கால் தானாகப் போயிற்று. பரீது சார் பொன்னாடையை விரித்து ஒரு கணம் தயங்கினார், பிறகு புன்னகையோடு குனிந்து பையன் தோளில் போர்த்தினார். அப்பா இல்லாத இடத்தில் ஆண்பிள்ளை நிற்பதுதானே நம் முறை. அவர்மேல் குற்றம் இல்லை. சரிகைக் கரை போட்ட அந்தப் பொன்னாடை பையனைப் போர்த்தியது போகத் தரையில் இரண்டு முழம் கிடந்தது. கலைமதி கையில் பட்டுச்சேலைப் பெட்டி வந்தது. ஆலங்குடி ரோட்டில் மழையில் ஸ்கூட்டி சறுக்கி முழங்கால் கிழிந்தது அவளுக்கு அப்போது ஏனோ ஞாபகம் வந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

மைக்குக்காரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மண்டி போட்டு மைக்கைப் பையன் வாயருகே நீட்டினான். "சொல்லுங்க தம்பி, அப்பா எங்க?"

மிஸ்டர் சூர்யபிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு எழுத்துப் பிசகாமல், இருநூறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அப்பா சைட்டுக்குப் போயிருக்காங்க. அப்பறமா பண்ணுங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. விசில்கூட அடித்தார்கள். பையன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். வீட்டுப்பாடம் எழுதி முடித்து நோட்டை நீட்டும்போது பார்ப்பானே, அதே பார்வை. சரியாச் சொன்னேனா?

கலைமதி பட்டுச்சேலைப் பெட்டியைக் கீழே வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியமும் பொய். சொல்லிக் கொடுத்தது அவள். ஓடிப்போனவன் செய்த பாவம் ஒருபக்கம் இருக்கட்டும், இது அவள் செய்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடை போனால் போகட்டும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை, கடை போய்விடுமே என்று நடுங்கிக்கொண்டுதான் மைக்கை வாங்கினாள்.

"அவரு சைட்டுக்குப் போகலைங்க."

சிரிப்புச் சத்தத்தில் முதலில் யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

"எம்புருசன் சைட்டுக்குப் போகலைங்க. எங்கள விட்டுட்டுப் போயி ரெண்டரை வருசமாச்சு. எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும், வரமாட்டாருன்னும் தெரியும். மோட்டாரு வித்தது நான்தான். சைட்டுக்குப் போனதும் நான்தான். சொன்னா டீலர்ஷிப் போயிருமேன்னு பயந்து சொல்லாம விட்டேன். பொய் சொன்னது தப்பு. வித்தது பொய்யில்ல."

அவ்வளவுதான் வந்தது. இன்னாசி மேடை ஓரத்தில் தூணோடு தூணாக நின்றான். பரீது சார் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

இன்னாசி ஓரத்தை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான். பயந்தாங்கொள்ளிதான், ஆனால் அந்த நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை. "தெரியும் சார். நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

பரீது சார் அவனை விட்டுத் திரும்பினார். பையன் முன்னால் குனிந்து, "தம்பி, இத மாமாகிட்டத் தாரியா?" என்று கேட்டுப் பொன்னாடையை வாங்கினார். பெண்பிள்ளை தோளில் தன் கையால் போர்த்துவது முறையில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், முன்வரிசையைப் பார்த்தார். சொர்ணவல்லி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாளோ தெரியாது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கையசைத்து மேடைக்கு அழைத்துப் பொன்னாடையை அவள் கையில் கொடுத்தார். சொர்ணவல்லி அதை உதறி, கலைமதியின் தோளில் போர்த்தி, தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். கைதட்டல் வர நேரமாயிற்று. வந்தபோது பெரிதாக வந்தது.

"கைதட்டலு வேற, அக்ரிமென்ட் வேறம்மா" என்றார் பரீது சார், மைக்குக்கு எட்டாத குரலில். "இன்னிக்கு ஒங்களுக்குக் கையெழுத்து கெடையாது. திங்கக்கெழம ஒங்க பேருல புது அப்ளிகேசன் குடுங்க. நான் ரெகமண்ட் பண்ணுறேன். எம்பேச்சத் தட்ட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன். ஆனா மறைச்சதுக்கு ஹெட் ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. அங்க வந்து நீங்கதான் பதில் சொல்லணும். இவனுக்கும் மெமோ உண்டு."

"வாரேன் சார்" என்றாள். வேறென்ன சொல்வது.

மேடையை விட்டு இறங்கி நேராக மேல்தளத்துக்குப் போனாள். மத்தியான வெயிலில் அங்கே ஆளே இல்லை. ஒரு நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சூர்யா கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். கோபமாக இருக்கிறானா, ஒன்றும் புரியவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடையில் தான் சொன்னது இவன் காதிலும்தானே விழுந்தது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பிள்ளைக்குச் சொன்ன மாதிரி ஆகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"சூர்யா. நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்டா ஒனக்கு."

"சரி. இனிமே போன் வந்தா என்ன சொல்லணும்?"

"அம்மா இருக்காங்க, குடுக்குறேன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

அவன் யோசித்தான். "அந்த ஆளு பண்ணுனா?"

"எந்த ஆளு?"

"பொங்க லீவுல பண்ணுனாருல்ல. நீ குடோன்ல பைப்பு எண்ணிக்கிட்டு இருந்த. சூர்யாவா, நான் அப்பா பேசுறேன்டான்னாரு."

கலைமதி சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொன்ன?"

"அப்பா சைட்டுக்குப் போயிருக்காங்க, அப்பறமா பண்ணுங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"ஒன்னும் சொல்லல. போன வைக்கவும் இல்ல. ரொம்ப நேரம். நானும் வைக்கல. அப்பறம் நீ வார சத்தம் கேட்டுச்சு, வச்சுட்டேன்."

நான்கு மாதம். நான்கு மாதமாக இந்தப் பிள்ளை இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போய், தோசை தின்று, அவள் பக்கத்தில் தூங்கியிருக்கிறான். அவன் கேட்காமல் இருந்ததை நல்லது என்று நினைத்தாளே, பாவி!

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ அழுவ" என்றான். கொஞ்சம் கழித்து, "அது அப்பாதானம்மா?" என்று கேட்டான்.

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"கம்பெனிக்காரங்க எல்லாம் தம்பின்னுதான் கூப்புடுவாங்க. அவருக்கு எம்பேரு தெரிஞ்சிருந்துச்சு."

கலைமதி அழத்தான் செய்தாள். பொன்னாடையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அதன் சரிகை கன்னத்தைக் கீறியது. பையன் பயந்துபோய் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவனை இழுத்து மடியில் உட்கார வைத்தாள்.

"திரும்பப் பண்ணுனா பேசலாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றுதான் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டரை வருடம் எட்டிப் பார்க்காதவனுக்குப் பொங்கலுக்குப் பாசம் பொங்கிவிட்டதாக்கும் என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் மடியில் இருக்கிறவன் கேட்பது அவளுடைய ஆத்திரத்தைப் பற்றி அல்ல.

"பேசு."

"நீ திட்ட மாட்டியே?"

"ஒன்னத் திட்ட மாட்டேன். அவரத் திட்டுவேன். அது எங்க பாடு. நீ பேசு."

பையன் தலையாட்டினான். எவ்வளவு பெரிய கடல் என்று பார்க்கிறவன்போலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான். நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"அப்பாகிட்ட என்னம்மா பேசுறது?"

கலைமதி அவன் தலையைத் தடவினாள். அவளுக்கும் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவோட கப்பல்ல போனேன்னு சொல்லு" என்றாள்.